ஊருக்கு ஊர் பஞ்சர்

"இன்னாண்ணே, மறுபடியும் பஞ்சரா?"

மாட்டு வண்டியிலிருந்தே கத்தினாள் நேசமணி. கட்டுச்சோற்று மூட்டையும் காற்றடிக்கும் பம்பும் அவளிடம்தான் இருந்தன.

"காத்து பூட்ச்சும்மா" என்று தலையைச் சொறிந்தான் வாசு.

மாரிகுப்பத்தை விட்டுக் கிளம்பி இது மூன்றாம் நாள். அவள் புருஷன் ஏனோக்கும் அவன் சிநேகிதன், ஊர்த்தெருவில் பிறந்த வாசுவும் கோலார் தங்கச் சுரங்கத்தில் ஒரே ஷிப்ட். சீமைக்குத் திரும்பிய துரைமார் விற்றுவிட்டுப் போன பழைய சைக்கிள்களில், பேர்ணாம்பட்டுக்கு அப்பால் ஏனோக் பிறந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஏனோக்குக்கு ஒரே ஆசை. சேரிக்காரன் என்பதற்காக அவன் அப்பன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தானே, அந்தப் பெரிய தெருவில் மணியடித்துக்கொண்டு சைக்கிளில் போக வேண்டும். தெரு என்ன, எவன் வீட்டுச் சொத்தா?

ஆனால் இந்த வாசுவின் டயர் இருக்கிறதே! காட்டு வழியிலும் கல்லு ரோட்டிலும் கிண்ணென்று இருக்கும். ஓர் ஊர் வந்தால் போதும், புஸ்!

"அவரு தள்ளிக்கினு வரட்டும். நீ ஏறிப் போய்யா" என்பாள் நேசமணி.

"கேஜ்ல ஒண்ணா எறங்கினவங்க ஒண்ணாத்தான் ஏறணும்" என்பான் ஏனோக். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கூண்டின் சட்டம் அது. அவனும் இறங்கி, ஊர் தாண்டும்வரை கூடவே தள்ளிக்கொண்டு நடப்பான். நேசமணிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சாயங்காலம் ஏனோக்கின் ஊர்ப் புளியமரம் தெரிந்தது.

வாசு சைக்கிளை ஓரம் கட்டினான். குனிந்தான். வால்வைத் திருகினான். புஸ்!

நேசமணி ஓடுகிற வண்டியிலிருந்து குதித்தாள்.

"அடப்பாவி மனுசா! நீயேதான் காத்தப் புடுங்கி உட்றியா? சேரிக்காரன் சைக்கிள்ல போனா உனக்கும் வயிறெரியுதா? என் கையால எத்தினி வேளை சோறு துன்னே!"

ஏனோக் திரும்பிப் பார்த்தான். "இன்னாடா இது?"

வாசு நிமிரவில்லை.

"ஏறிப் போனா உன்ன மரத்துல கட்டி அடிப்பானுங்கடா. ஒவ்வொரு ஊர்லயும் எவனாவது 'நீ இன்னா ஆளு'ன்னு கேட்டுருவானோன்னு எனக்கு உயிரே இல்ல. எறங்கி நடன்னு உங்கிட்ட சொல்ல வாய் வரல. அதான் என் வண்டி காத்த எறக்கினேன்."

நேசமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஏனோக் மாட்டு வண்டிக்குப் போனான். பம்பை எடுத்து வந்தான். ஆத்திரமெல்லாம் கையில் இறங்க, வாசுவின் டயருக்குக் காற்றடித்தான். அது கல்லான பிறகுதான் நிமிர்ந்தான்.

"இத்தினி ஊர்ல எனக்காக எறங்கினே வாசு. இந்த ஊர்ல எனக்காக ஏறு."