ஆளாளுக்கு ஒரு யோசனை

பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு வந்த புதிய பயிற்சியாளருக்கு, தோற்றுக்கொண்டே இருக்கும் அந்தக் கால்பந்து சங்கத்தின் வாசலிலேயே முதல் யோசனை கிடைத்தது.

"பின்னால அஞ்சு பேரை நிறுத்துங்க சார். எதிராளி ஓடி ஓடியே களைச்சுடுவான்" என்றார் வாயில்காவலர்.

புல் வெட்டுபவர் இயந்திரத்தை நிறுத்தினார். "அந்தாளு பேச்சைக் கேட்காதீங்க. எல்லாரும் முன்னால ஏறணும். பந்து நம்ம காலுல இருந்தா அவன் எப்படிக் கோல் போடுவான்?"

சட்டை துவைப்பவரோ ஈரக்கையாலேயே சுவரில் படம் போட்டு, பந்தை ஓரமாகக் கொண்டுபோகும் வித்தையை விளக்கினார்.

பயிற்சியாளர் அசந்துபோனார். அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே குமாஸ்தாவைக் கேட்டார். "துணி துவைக்கிறவர்கூட ஆட்டத்தைக் கரைச்சுக் குடிச்சிருக்காரே! அப்புறம் ஏன் இங்க ஒரு பயிற்சியாளரும் தேற மாட்டேங்கிறார்?"

"அதனாலதான் சார். பசங்களைப் பார்த்தா காவலர் ஒண்ணு சொல்வார், புல் வெட்டுறவர் ஒண்ணு சொல்வார், துவைக்கிறவர் இன்னொண்ணு சொல்வார். மைதானத்துல பதினோரு பேரும் பதினோரு பக்கம் ஓடுவாங்க."

"வாயை மூடிட்டு வேலையைப் பார்க்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? மூணு பேரும் உங்களுக்கு முன்னால பயிற்சியாளரா இருந்தவங்க. மூணு ஆட்டம் தோத்தா பதவி போயிடும். ஆனா ஒப்பந்தம் மூணு வருஷம், நடுவுல அனுப்ப முடியாது. அதனால தலைவர் வேற வேலை கொடுத்துடுவார்."

குமாஸ்தா மை காயாத ஒப்பந்தத்தை ஊதி, பத்திரமாகக் கோப்பில் வைத்தார்.

"உங்களுக்கு டைப்பிங் தெரியுமா சார்? என்னோட மூணு வருஷம் அடுத்த மாசம் முடியுது."