இறங்காத முள்

"இன்ஷா, கருவியில இருக்கிற அந்தத் திருகை அரைச் சுத்து திருப்பும்மா. முள் தன்னால பூஜ்யத்துக்கு வந்துடும்" என்று தன்னிடம் வேலை பார்க்கும் பெண்ணின் காதோரம் கிசுகிசுத்தார் ஸ்டீபன்ராஜ்.

தென்னூரில் ஒரு மாடியில் அவர் நடத்தும் சின்ன நிறுவனத்துக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் அது. ஓர் ஆய்வுக்கூடத்தின் துகள் முடுக்கிக்கு நாற்பது கதிர்வீச்சு உணரிகள். குழாய்க்குள் பாயும் துகள்கற்றை வழிதவறிச் சுவரில் மோதினால், அந்தக் கணமே கூப்பாடு போட வேண்டியது இந்தக் கருவிதான். சோதிக்க வந்த அதிகாரி முரளிதரன், பதினேழாம் நம்பரைத் தானே பொறுக்கி மேஜையில் வைத்திருந்தார். அது தேறாவிட்டால் நாற்பதும் திரும்பிவிடும்.

சோதனைக்கான கதிர்வீச்சு வில்லையை ஈயப் பெட்டிக்குள் பூட்டியாயிற்று. ஆனாலும் முள் இறங்காமல் மூன்றில் நின்று ஆடியது.

"ஒண்ணுமே இல்லாத இடத்துல உங்க கருவி எதைப் பார்த்துப் பயப்படுது?" முரளிதரன் சிரிக்காமல் கேட்டார். வந்ததிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீரைக் காலி செய்திருந்தார் மனிதர். "பாத்ரூம் போயிட்டு வரேன். அதுக்குள்ள என்னன்னு பாருங்க."

அவர் வாசலைத் தாண்டியதும் ஸ்டீபன்ராஜ் பதறினார். "திருப்பேம்மா! யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்க்கிறேனே சார். இப்போ திருப்பினா, அங்க நிஜமாவே கற்றை சுவரைப் பொசுக்கும்போதும் இது கம்முனு இருக்கும். வேணும்னா என்னை வேலையை விட்டு அனுப்பிடுங்க. இதை மட்டும் செய்யச் சொல்லாதீங்க."

இன்ஷாவின் கை திருகுப் பக்கமே போகவில்லை. என்ன பிடிவாதம் பாருங்கள் அந்தப் பெண்ணுக்கு!

பேசிக்கொண்டிருக்கும்போதே முள் தானாகச் சரிந்து பூஜ்யத்தில் நின்றது.

"அப்பாடா! அவரைக் கூப்பிடு, கையெழுத்து வாங்கிடலாம்."

"இருங்க சார். ஏன் இறங்குச்சுன்னு தெரியாம எப்படி வாங்குறது?"

கதவு திறந்தது. முரளிதரன் நெருங்க நெருங்க முள் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று. இன்ஷா முள்ளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சார், கொஞ்சம் வாசல் வரைக்கும் போங்களேன்."

போனார். முள் இறங்கியது.

"இப்போ வாங்க."

வந்தார். ஏறியது. வந்த அதிகாரியையே இப்படி நடக்கவிடுகிறாளே என்று ஸ்டீபன்ராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கருவி சரியாத்தான் இருக்கு சார்" என்றாள் இன்ஷா மெதுவாக. "அது உங்களைத்தான் காட்டுது."

முரளிதரன் முதல்முறையாகச் சிரித்தார். சட்டைக் கையை மேலே சுருட்டினார். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"காலைல தில்லை நகர் ஆஸ்பத்திரில எலும்பு ஸ்கேனுக்குக் கதிர்மருந்து ஊசி போட்டாங்க. நிறையத் தண்ணி குடிங்க, மூணு மணி நேரம் கழிச்சு வாங்கன்னாங்க" என்றபடியே நாற்பதுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். "அங்க சும்மா உட்கார்ந்திருப்பானேன்? இது திருகைத் திருப்புற இடமா, திருப்பாத இடமான்னு பார்த்துடலாம்னுதான் நேரா இங்க வந்தேன்."