கீரையோடு வந்த இலை

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அமிர்தம் மருமகளின் கொண்டையைப் பிடித்து இழுத்தாள்.

“மருந்து வச்சிட்டா! எம்புள்ளைய கிறுக்கனாக்கிட்டு ஒண்ணும் தெரியாதவளாட்டம் நின்னுக்கினு கீறா பாரு, மலைக்காரி! அய்யனாரு உன்னக் கேக்காம வுடமாட்டாருடி!”

செவ்வந்தி தலையைக் கொடுத்துவிட்டு, மூடிய கையைத் திறக்காமல் நின்றாள்.

கல்வராயன் மலையிலிருந்து கீழே வாழ்க்கைப்பட்டு வந்த மூன்று வருடமாக அவள் கேட்டு வரும் சொல்தான் அது. புருஷனை மயக்கிக் கைக்குள் வைத்துக்கொள்ளச் சோற்றில் மருந்து வைக்கிறாள் என்று ஊரே பேசியது.

உள்ளே கட்டிலில் இளஞ்செழியன் இல்லாத நூலைக் காற்றில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். பெற்றவளையும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

காலையில் கரும்பு வெட்டப் போகும் அவசரத்தில் அவன் ஒருவன்தான் சாப்பிட்டிருந்தான். அரிந்து வைத்திருந்த கீரையை வேகவைத்துக் கடைந்து போட்டவள் செவ்வந்தி.

“இவ மேல கேசு எழுதுங்க சார்,” என்றாள் நாத்தனார் மணிமொழி, வராந்தாவுக்கு வந்த டாக்டரிடம்.

செவ்வந்தி அதுவரை மூடியிருந்த கையை டாக்டர் முன்னால் விரித்தாள். வீட்டுக் குப்பையைக் கிளறி எடுத்து வந்த, கசங்கிய ஓர் இலை.

“கீரையில கலந்துட்டுதுங்க. ஊமத்தை.”

டாக்டர் இலையைப் புரட்டிப் பார்த்தார். இளஞ்செழியனின் கண்மணிகள் விரிந்திருந்ததை அவர் முன்பே கவனித்திருந்தார். நர்சை அழைத்து என்ன ஊசி போடவேண்டும் என்று சொன்னார். உயிருக்குப் பயமில்லை, இரண்டு நாளில் தெளிந்துவிடும் என்றார்.

பிறகு சீட்டில் எழுதப் பேனாவை எடுத்தார்.

“கீரையப் பறிச்சது யாரும்மா?”

அமிர்தத்தின் கை கொண்டையிலிருந்து நழுவியது.

செவ்வந்தி மாமியாரின் பக்கம் திரும்பவில்லை. “நான்தாங்க. தெரியாம பறிச்சிட்டேன்.”

“மலையில பொறந்தவ, உனக்கா தெரியாது?” மணிமொழி வராந்தாவில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சிரித்தாள். “கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?”

நடக்கப் பழகிய நாளிலேயே ஊமத்தையைத் தெரிந்துகொண்டவள் தலை குனிந்துகொண்டாள்.

அமிர்தம் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். அய்யனாரை அவள் மறுபடி கூப்பிடவில்லை.

செவ்வந்தி பக்கத்தில் வந்து குந்தியதும், அடிக்கத்தான் வருகிறாள் என்பதுபோல் அமிர்தம் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

செவ்வந்தி மாமியாரின் முந்தானையை எடுத்து, உட்பக்கமாக இரண்டு மடிப்பு மடித்து, இடுப்பில் செருகிவிட்டாள்.

விடியற்காலையில் வரப்போரம் கிள்ளிய கீரையை அந்த முந்தானையில் அள்ளி வந்தபோது படிந்த பச்சைக் கறை இப்போது யார் கண்ணுக்கும் படவில்லை.