மார்ச் மூன்று

படத்துக்கு முன்னால் ஆண்டர்ஸ் இரண்டு முறை விழுந்து வணங்கினான். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு முறை, இறந்தவர்களுக்கு இரண்டு முறை என்று டென்மார்க்கில் கொரிய மொழி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

படத்தில் இருந்தவளுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். அவனைப் பெற்று, கைக்குழந்தையாக வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுத்தவள்.

“ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா பார்த்திருக்கலாம்,” என்றாள் பெரியம்மா ஓக்சுன். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா இல்லை என்பது பெரியம்மா எழுதிய கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. கேட்க இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

“பெரியம்மா, நான் எந்தத் தேதியில் பிறந்தேன்?” அவன் பேச்சு பாடப்புத்தகம் வாசிப்பதுபோல இருந்தது. “காகிதத்தில் மார்ச் மூன்று என்று உள்ளது. அது அலுவலகத்தில் குத்துமதிப்பாகப் போட்ட தேதி. ஒவ்வொரு வருடமும் என் மகள் கேக் வாங்கி வருகிறாள். யாருடைய பிறந்தநாளையோ கொண்டாடுவதுபோல இருக்கிறது.”

“எங்களுக்கு எப்படிப்பா தெரியும்? பூசான்ல தனியா கிடந்து பெத்தா. உன்னைக் கொடுத்ததுக்கு அப்புறந்தான் எங்களுக்கே சொன்னா. தேதி அவளுக்கு மட்டுந்தான் தெரியும். அவளோடயே போச்சு.”

ஆண்டர்ஸ் தலையாட்டினான். இதற்காக எட்டாயிரம் கிலோமீட்டர்.

“அழறதெல்லாம் அப்புறம் வச்சுக்கங்க. ஆட்டம் ஆரம்பிச்சாச்சு!” பெரியப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். கொரியாவுக்கும் டென்மார்க்குக்கும் நட்புக் கால்பந்து ஆட்டம். “டேய் தம்பி, இப்பவே சொல்லிட்டேன். உங்க ஆளு கோல் போட்டா உனக்குச் சோறு கிடையாது.”

“நான் இரண்டு பக்கமும் கத்துவேன், பெரியப்பா.”

“பொழைச்சுக்குவடா நீ.”

சமையலறையிலிருந்து ஒரு பெண் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். கீழ்வீட்டுக்காரி, ஒத்தாசைக்கு வந்திருக்கிறாள் என்றாள் பெரியம்மா. குட்டையாக வெட்டிய நரைமுடி, ஈரமான ஏப்ரன். அவள் நிமிரவே இல்லை.

பொரித்த மீன், கிம்ச்சி, முள்ளங்கி, சோறு. எல்லாம் வைத்தபிறகு அவனுக்கு மட்டும் ஒரு கிண்ணம் வந்தது. கரும்பச்சையாகக் கடற்பாசி மிதக்கும் சூப்.

பெரியம்மா கிண்ணத்தைப் பார்த்தாள். “இதை யாரு உன்னைச் செய்யச் சொன்னது?”

“பாசி கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, அக்கா.”

“மிச்சம் இருந்தா?”

“சரி விடு, பையன் சாப்பிடட்டும்,” என்றார் பெரியப்பா, திரையைப் பார்த்தபடி.

எந்தச் சாப்பாட்டையும் படம் எடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஆண்டர்ஸ் தொடுவான். கீழ்வீட்டுக்காரி கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தி முடிப்பதற்குள் கிளிக் செய்துவிட்டான்.

சூப்பில் எள்ளெண்ணெய் வாசம். கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

நாற்பதாவது நிமிடத்தில் டென்மார்க் கோல் போட்டது. வீடு அமைதியானது. ஆண்டர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டான். அந்த அமைதியில் சமையலறை வாசலிலிருந்து கைதட்டல் கேட்டது.

பெரியப்பா திரும்பிப் பார்த்தார். “ஏம்மா, நீ எந்த ஊர்க்காரி? கோல் வாங்குனது நாம!”

“பந்து உள்ள போச்சுல்ல... அதான்,” என்றாள் அவள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆண்டர்ஸும் சிரித்தான். காலையிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான்.

ஆட்டம் முடியும்போது அவள் கைப்பேசி ஒலித்தது. “சந்தையிலதாங்க இருக்கேன். இதோ வந்துட்டேன்,” என்றாள். வேகமாகப் பேசிய கொரிய மொழி ஒரு சொல் விடாமல் புரிந்ததில் அவனுக்குச் சின்னச் சந்தோஷம்.

சியோலுக்கு ஐந்து மணி ரயில். காலையில் விமானம். வாசலில் அவனுடைய காலணிகள் துடைத்து, வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. அந்தப் பெண் பக்கத்தில் குனிந்தபடியே இருந்தாள்.

“சூப் மிகவும் நன்றாக இருந்தது,” என்றான். இடுப்பை வளைத்து ஒரு முறை வணங்கினான்.

காலணி துடைத்த துணி அவள் கையில் சுருண்டிருந்தது.

ரயிலில் பக்கத்து இருக்கை அம்மாள் ஆரஞ்சு உரித்து, கேட்காமலே பாதியை அவனிடம் நீட்டினாள். அவன் கைப்பேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவள் எட்டிப் பார்த்தாள்.

“அட, இன்னைக்கு உங்களுக்குப் பிறந்தநாளா?”

“இல்லை. மார்ச் மூன்று.”

“அப்புறம் எப்படி? மத்த ரெண்டு பேருக்கு வைக்காம உங்களுக்கு மட்டும் கடற்பாசிச் சூப் வச்சிருக்காங்களே! பிள்ளை பெத்தவ முதல்ல குடிக்கிறது இதைத்தான். அப்புறம் வருஷா வருஷம் அந்தத் தேதி வந்தா பிள்ளைக்கு வச்சுக் கொடுப்பா.”

ஆண்டர்ஸ் கைப்பேசியின் மேல் மூலையைப் பார்த்தான். நவம்பர் பதினாறு.

ரயில் வேகமெடுத்திருந்தது. அவள் படத்தை விரலால் பெரிதாக்கினாள்.

“ஓரத்துல கிண்ணத்தைத் தள்ளுதே ஒரு கை, அது அம்மாவோடதா?”