பாதியில் நின்ற முள்

முள் பாதி டாங்க் என்று காட்டிக்கொண்டிருந்தபோதே பெட்ரோல் தீர்ந்து, கார் மேம்பாலத்தில் நின்றுபோனது. டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா சவரிமுத்துவை முகம் தெரியாத ஒருவரின் பைக்கில் ஏற்றி அனுப்பினாள் ஜெசிந்தா. காரைக் கயிறு கட்டித்தான் வீட்டுக்கு இழுத்துவந்தார்கள். மறுநாள் காலை அதன் பின் இருக்கையைக் கழற்றினாள்.

“எதுக்கும்மா சிரமம்? நாளைக்கு ஆட்டோல போயிக்கிறேன்” என்றார் அப்பா.

“மீட்டரை மாத்தியும் சரியாகல. இன்னிக்கு நானே பாத்துடறேன். நீங்க முன்னாடி உக்காந்து முள்ளை மட்டும் பாருங்க.”

இருக்கைக்கு அடியிலிருந்த பெட்ரோல் டாங்கைத் திறந்து, முள்ளை ஏற்றி இறக்கும் மிதவையை வெளியே எடுத்தாள். அதன் கம்பி துருவேறிப் பாதியிலேயே இறுகியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்தாள். விரல் கிழிந்தது, விடவில்லை. கடைசியில் கம்பி அசைந்தது. மேலே தூக்கினாள்.

“ஏறுதும்மா!”

இறக்கினாள்.

“இறங்குது, இறங்குது!”

மிதவையை மறுபடி டாங்குக்குள் பொருத்தினாள். முன்பக்கம் எட்டிப் பார்த்தாள். முள் அடியில் படுத்திருந்தது.

“ஒண்ணுமே இல்லைன்னு காட்டுதேம்மா” என்றார், ஏதோ தன் தப்புபோல.

ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்தாள்.

“இல்லாதப்ப இல்லைன்னுதானேப்பா காட்டணும்!”

காலி கேனை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்கை நோக்கி நடந்தாள்.