காருக்கு மேலால் பறந்த எல்க்

“காருக்கு மேலாலை பறந்ததடா சிவா! ஐஞ்சு ஆள் உயரம். கூரையிலை ஒரு மயிர்கூட முட்டேல்லை. அந்த எல்க்கைத்தான் வாற வெள்ளிக்கிழமை ஒரே அம்பிலை விழுத்தப் போறன். வலக் கண்ணாலை போற அம்பு இடக் கண்ணாலை வெளியிலை வரும்!”

சொல்லிக்கொண்டே அருட்செல்வம் நாணை இழுத்து விட்டார். குரோருட்டில் அந்த மாடிக் கட்டடத்தின் கராஜ் அதிர்ந்த அதிர்ச்சியில், எட்டாம் மாடியில் யாரோ வீட்டுப் பால் திரைந்திருக்க வேண்டும்.

“வெளியிலை வந்து எங்கை போகும் அத்தான்? எல்லை தாண்டிச் சுவீடனுக்கோ?” என்றான் சிவானந்தன்.

அவன் அருட்செல்வத்தின் மனைவி தங்கேஸ்வரியின் தம்பி. நாலு வருடமாக வில்வித்தைக் கழகத்துக்குப் போகிறவன். ஆனால் இன்று அத்தானுக்கு வில் பிடிக்கச் சொல்லித்தர வரவில்லை, தடுக்க வந்திருந்தான்.

எல்க் என்பது குதிரைக்கு மான் வேடம் போட்டுக் காட்டுக்குள் அனுப்பியதுபோல ஒரு மிருகம். போன செப்டெம்பரில், விடியப்புறம், தங்கேஸ்வரியை வேலைக்கு ஏற்றிப் போன கார் லோறென்ஸ்கூக் காட்டுப் பாதையில் பாறையோடு மோதியது. தங்கேஸ்வரி அந்த இடத்திலேயே உயிர்விட்டார். எல்க் குறுக்கே பாய்ந்ததால் வெட்டித் திருப்பினேன் என்றார் அருட்செல்வம். காரில் மயிரும் இல்லை, இரத்தமும் இல்லை. பெய்த மழையில் குளம்படியும் இல்லை. இரவிரவாக டாக்சி ஓடியவர் நித்திரையாகிவிட்டார் என்று விசாரித்தவர்கள் எழுதினார்கள். மகள் கம்சிகாவும் அதையே நம்பினாள். ஒரு வருடமாக அவள் ரொம்மனிலுள்ள தன் வீட்டுக் கதவை அப்பாவுக்குத் திறக்கவில்லை.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. பனி கொட்டிய ஒரு மாரியில், நாலாம் மாடி யன்னலால் இறங்கி நடந்தே காருக்குப் போனேன் என்று கோயில் மண்டபத்தில் அடித்துச் சொன்னவர் அருட்செல்வம். அவர் சொல்வதையெல்லாம் இரண்டால் பிரித்துச் சபைக்குச் சொல்வது தங்கேஸ்வரியின் வேலை. இப்போது பிரிக்க ஆள் இல்லை.

“இந்த நாட்டிலை வில்லாலை வேட்டையாடுறது தடை அத்தான். பிடிபட்டால் மறியலிலை போடுவாங்கள்.”

“அப்ப சுடுறதுக்கு ஒரு துவக்கு எடுத்துத் தாவன்! என்ரை டாக்சி லைசென்சையே பறிச்சவங்கள், துவக்குத் தருவாங்களே?”

“காட்டிலை ஆயிரம் எல்க் நிக்குது. அதுதான் இது எண்டு எப்பிடிக் கண்டுபிடிப்பியள்?”

“முகம் மறப்பனே? கண் ரெண்டும் தோசைக்கல்லு! தலையைக் கொண்டுபோய்க் கம்சியின்ரை வாசலிலை வைப்பன். இந்தா பார், கொம்மாவைச் சாகடிச்சது இதுதான் எண்டு காட்டுவன்.”

“அவள் பயத்திலை பொலிசைக் கூப்பிடுவாள்.”

அருட்செல்வம் கடகடவென்று சிரித்து, அடுத்த அம்பைப் பூட்டினார். சுவரோடு சாத்தியிருந்த பழைய இரட்டைப் படுக்கை மெத்தைதான் குறி. அதன் இடப்பக்கம் சல்லடையாகிக் கிடந்தது. வலப்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை.

“ஏன் ஒரு பக்கத்துக்கே விடுறியள்?”

“மற்றது கொக்கா படுக்கிற பக்கமடா.”

சிவானந்தன் போய் அக்காவின் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்துச் சொன்னான்: “அத்தான், எல்க்கே வரேல்லை. நீங்கள் நித்திரை கொண்டிட்டியள். அந்த ஒரு சொல்லைச் சொல்லுங்கோ. அப்பா ஒத்துக்கொண்டால் கதவைத் திறக்கிறன் எண்டு நேற்றும் கம்சி சொன்னவள். அவளுக்கு இப்ப ஏழு மாதம். பேரப்பிள்ளையைப் பார்க்க ஆசையில்லையே?”

“கொக்கா போத்திலாலை தேத்தண்ணி ஊத்தித் தந்தவ. சுடச்சுடக் குடிச்சுக்கொண்டு ஓடினனான். நித்திரையிலை ஆரும் தேத்தண்ணி குடிப்பினமே சிவா?”

“உதை ஆர் நம்புறது?”

“நீயாவது நம்பன்.”

“நான் நம்பேல்லை அத்தான்.”

வில் மெதுவாகக் கீழே இறங்கியது. மலையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொள்வேன் என்கிற அந்த மனுசன், கராஜ் நிலத்தில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

“உன்ரை போனைத் தா. என்ரை நம்பர் எண்டால் அவள் எடுக்கமாட்டாள்.”

மூன்றாவது மணியோசையில் கம்சிகா எடுத்தாள். “சொல்லுங்கோ மாமா.”

“மாமா இல்லைப் பிள்ளை, அப்பா. வைச்சிடாதை! எல்க் வரேல்லையம்மா. ஒண்டும் பறக்கேல்லை. அப்பா நித்திரை கொண்டிட்டன்.”

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு கதையைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்.

மறுமுனையில் அழுகை வெடித்தது. கராஜ் முழுக்கக் கேட்டது. “இவ்வளவு நாளும் ஏனப்பா சொல்லேல்லை? வாங்கோ. இண்டைக்கே வாங்கோ.”

அருட்செல்வம் இரண்டு கைகளாலும் போனைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். கண்ணீர் தாடியில் இறங்கியது. சிவானந்தன் ஒரு வருடமாகக் கேட்டது நடந்துவிட்டது. இனி ஒருவரும் அந்தக் காட்டுக்குள் எதையும் தேடிப் போகப்போவதில்லை.

அவன் எழுந்து கதவுவரை போனான். திரும்பி வந்தான். அத்தானின் கையிலிருந்து போனைப் பறித்தான்.

“கம்சி, அப்பா பொய் சொல்லுறார். எல்க் பறந்தது. காருக்கு மேலாலை, ஒரு மயிர்கூட முட்டாமல். நான் பத்தைக்குள்ளை நிண்டு கண்டனான்.” அவன் குரல் உடைந்தது. “அது என்ரை அம்பு பட்டு ஓடின எல்க்.”