டேப்பில் மிஞ்சிய இடம்

"லோஷினி, இங்க ஓடி வா! டேப்பு நிரம்பல லா! இன்னும் இடம் மிச்சம் இருக்கு!" யுகேந்திரன் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தான்.

தீபாவளிக்கு மறுநாள் காலை. மலேசியாவின் கூலாய் செம்பனை எண்ணெய்க் கிடங்கின் அலுவலகத்தில் அவனையும் உடன் வேலை செய்யும் லோஷினியையும் தவிர ஈ காக்கை இல்லை. மேசைமேல் முறுக்கு டின்னும், மட்டன் பிரட்டல் நிறைந்த டிபன் கேரியரும் இருந்தன.

மூன்று வாரமாக அந்த டேப் அவன் பிராணனை வாங்கியிருந்தது. கிடங்கின் ஆறு கேமராக்களும் ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும் படம் சர்வரில் சேரும். மறுநாள் காலை அதை ஒரே டேப்பில் ஏற்றிப் பெட்டகத்தில் பூட்ட வேண்டும்.

டேப் அட்டையில், 'சுருக்கினால் இரண்டு மடங்கு கொள்ளும்' என்று எந்த மகராசனோ கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். அதை நம்பிச் சுருக்கத்தைப் போட்டுப் பார்த்தான், எடுத்துப் பார்த்தான், டேப்பை மாற்றினான், டிரைவைத் துடைத்தான். தினமும் வேலை முடியப்போகிற நேரத்தில் 'நிரம்பிவிட்டது' என்று வந்து நிற்கும்.

கடைசியில்தான் விஷயம் புரிந்தது. கேமரா படம் சர்வருக்கு வரும்போதே சுருங்கித்தான் வருகிறது. பிழிந்து போட்ட துணியை இன்னொரு தரம் பிழிந்தால் என்ன சொட்டும்? படத்தில் அசைவு குறைந்தால்தான் அளவு குறையும்.

"இன்னொரு தடவ ஃபெயிலாச்சுன்னா உன் கான்ட்ராக்ட புதுப்பிக்க மாட்டேன்" என்று மேனேஜர் ஜெயகுமார் சொல்லிவிட்டார். இரண்டு பிள்ளைக்காரன் வேலை போனால் எங்கே போவான்!

ஆறு கேமராக்களில் பெரிய தொல்லை ஆறாவதுதான். அது பின் கேட்டில் இருக்கும் காவலறையின் உள்ளே பார்ப்பது. அங்கே ஜாகாவாகக் காவல் காப்பவர் வேறு யாருமில்லை, யுகேந்திரனின் தாய்மாமன் ஐயாசாமி. வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவன்தான்.

பழைய எஸ்டேட் சுடுகாட்டை ஒட்டிய அறை அது. "பக்கத்து நாற்காலியில யாரோ உக்காந்திருக்குற மாதிரியே இருக்கு" என்று சொல்லி மாமாவுக்கு முன்னால் மூன்று ஜாகாக்கள் ஓடிவிட்டார்கள். மாமாவுக்குப் பயம் என்பதே கிடையாது, ஆனால் ஓரிடத்தில் உட்காரவும் தெரியாது. நடப்பார், கொசு அடிப்பார், மருமகன் பார்ப்பான் என்று நினைத்த நேரமெல்லாம் கேமராவுக்குக் கையாட்டுவார்.

தீபாவளி காலையில் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டபோது யுகேந்திரன் கெஞ்சினான். "மாமா, நீங்க ஆடுற ஆட்டத்துலதான் டேப்பு நிரம்புது. இன்னிக்கு ஒரு நாளு அசையாம உக்காருங்களேன்."

"செல மாதிரி உக்காந்துக்கிறேன்டா மருமகனே, போதுமா? தோளு வேற நேத்துலேருந்து ஒரே வலி, கையாட்டக்கூட முடியல. நீ மட்டன மட்டும் மறந்துறாத."

பண்டிகையென்று மாற்று ஆள் லீவில் போய்விட்டதால், மறுநாள் மத்தியானம் வரைக்கும் காவலுக்கு மாமா ஒருவர்தான். பின் கேட்டும் பூட்டியே கிடந்தது. மாலையில் மட்டனோடு போகலாம் என்றிருந்த யுகேந்திரன், வீட்டுக்கு விருந்தாளிகள் வந்த அமளியில் சுத்தமாக மறந்துபோனான். பாவி! அதற்குத்தான் இன்றைக்குக் கேரியர்.

லோஷினி கணினியில் கணக்கைப் பார்த்தாள். "அண்ணே, அஞ்சு கேமராவும் எப்பவும் போலத்தான் இருக்கு. ஆறாவது மட்டும்தான் மூணுல ஒரு பங்கா ஆயிருக்கு."

யுகேந்திரனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "பாத்தியா எங்க மாமாவ! சொன்ன சொல்லு தட்டமாட்டாரு."

"அதுக்காக ஒரு நாளு முழுக்கவா?" என்றபடி லோஷினி ஆறாம் கேமராவின் நேரடிப் படத்தைத் திறந்தாள்.

மாமா நாற்காலியில்தான் இருந்தார். முகம் மார்பில் சாய்ந்திருக்க, தொப்பி கண்ணை மறைத்திருந்தது. ஒரு கை மேசைமேல், கைபேசிக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு நிமிடம் போயிற்று. படத்தில் எதுவுமே அசையவில்லை. பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் இருவர் கண்களும் ஏனோ அதன்மேலேயே போய்ப் போய் நின்றன.

"அலமாக், போச்சு! கேமரா ஹேங் ஆயிடுச்சுண்ணே. நேத்துலேருந்து ஒரே படத்தையே அனுப்பிக்கிட்டு இருக்குது."

"படத்துக்கு மேல மணி ஓடுதே?"

"மணிய சர்வருதாண்ணே போடுது. கேமரா செத்தாலும் அது பாட்டுக்கு ஓடும்."

யுகேந்திரன் திரையருகே குனிந்தான். படம் நின்றிருந்தால் நேற்றைய பதிவு செல்லாது, வேலையும் போச்சு. "முருகா, படம் மட்டும் நிக்காம இருக்கணும்" என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டான்.

சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. "மாமாவுக்குப் போன் அடிக்கிறேன். படம் ஓடுதுன்னா மேசையில அவரு போனு மின்னுறது தெரியும். நீ திரைய பாரு."

அழைத்தான். காதுக்குள் மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. மாமா எடுக்கவில்லை. தூங்குகிறார்போல என்று நினைத்து மறுபடி அழைத்தான். லோஷினி திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள். அவள் கை மெல்ல எழும்பி வாயைப் பொத்தியது.

"என்ன லோஷினி, படம் நின்னுதான் போச்சா?"

"நிக்கலண்ணே... போனு மின்னுது."